உத்தரவு பெற்ற பூட்ஸ்

உலகத்தை விட்டு ஓடுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவன் ஓடுவதைப் பார்க்க உலகமும் பின்னாலேயே ஓடி வரும். இந்த மடத்தை நிறுவிய ஆதித் தந்தைக்கும் அதுதான் நடந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால், இனி மனித முகத்தையே பார்ப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, முள்ளும் கல்லுமாகக் கிடந்த இந்த மேட்டுக்கு வந்து ஒரு குகையில் உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குள், மனித முகம் பார்க்காதவரின் முகத்தைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. கூட்டத்தைத் தடுக்கச் சுவர் எழுப்பினார்கள். சுவர் வந்ததால் வாசல் வந்தது. வாசலுக்கு ஆள் வந்தது. ஆளுக்குச் சாப்பாடு வேண்டும், சாப்பாட்டுக்கு நிலம் வேண்டும். நிலத்தை ராஜா கொடுத்தார். தான் போர்களில் செய்த பாவங்களுக்கு ஏற்ற அளவில் கொடுத்தார் என்பதால் நிலம் தாராளமாகவே இருந்தது.

இப்படியாக, எல்லாவற்றையும் துறந்த ஒருவரின் பேரில் ஒரு மலையும் மூன்று கிராமங்களும் ஓர் ஏரியும் சேர்ந்தன. நடுவே ஒரு புரட்சி வந்து மடத்தைக் குதிரை லாயம் ஆக்கியது. பிறகு ஆட்சி மாறி, கிராமங்களும் ஏரியும் போக மிச்சம் திரும்பி வந்தது. லாயமாக இருந்த காலத்தை மடத்து வரலாறு 'சோதனைக் காலம்' என்று சொல்கிறது. குதிரைகளின் கருத்து பதிவாகவில்லை.

நல்லதே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பழைய ஏடுகளைப் படி எடுத்துக் காப்பாற்றினார்கள். தொழுநோய் வந்தவர்களைப் பெற்ற பிள்ளைகளே விரட்டிய காலத்தில் அவர்களுடைய புண்ணைக் கழுவினார்கள். கழுவியவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. கழுவச் சொன்னவர்களின் படங்கள் மட்டும் கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கின்றன.

இனி பூட்ஸம்மாவுக்கு வருவோம்.

பூட்ஸம்மா மடத்துத் தோட்டக்காரி. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட் என்று இருபத்து மூன்று தந்தையரின் வயிற்றுக்கும் போகிற அத்தனையும் அவள் கையால் விளைந்தவை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவன் அவள் புருஷன். கிழங்கு எடுக்கிற பருவத்தில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் மழை வருகிற மாதிரி இருந்தது. கிழங்கு அழுகிவிடுமே என்று அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து விளிம்பில் போய் நின்றாள். அங்கேயே அவளை நிறுத்திவிட்டார்கள்.

காரணம், ஆதித் தந்தை எழுதிவைத்த ஒழுங்கு நூலின் பதினேழாம் விதி. 'பெண்ணின் பாதம் பட்ட மண்ணில் துறவி குடியிருக்கலாகாது. அங்கே நின்று ஜெபிக்கலாகாது. அதில் விளைந்ததை உண்ணலாகாது.' விதி என்றால் விதி. ஆனால் மழையும் மழைதான். மூன்று நாள் சபை கூடிப் பேசினார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டில் கிழங்கு இல்லை. அன்று சாயங்காலமே ஓர் இளம் தந்தைக்கு ஞானம் பிறந்தது. விதி தடுப்பது பாதத்தை. பூட்ஸை அல்ல. செத்துப்போன தோட்டக்காரனின் பூட்ஸ் பல வருஷமாக மடத்து மண்ணில் நடக்க உத்தரவு பெற்றது. அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. ஆகவே மேற்படி பூட்ஸ் தொடர்ந்து பணிக்கு வரலாம். அதற்குள் யாருடைய கால் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது துறவிகளுக்கு அழகில்லை.

அன்றிலிருந்து அவள் புருஷனுடைய பெரிய பூட்ஸுக்குள் பழந்துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு தொப்தொப்பென்று வேலைக்கு வந்தாள். எதிரில் வருகிற தந்தையர் தலையைக் குனிந்து, பூட்ஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் பூட்ஸில் வார் அறுந்த அன்று நாலு பேர் அக்கறையாக விசாரித்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு, ஒன்பதாவது. 'துறவி நாள்தோறும் தன் கையால் உழைத்து உண்ண வேண்டும்.' ஆதித் தந்தை இதை எழுதியபோது உண்மையாகவே கொத்திக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் உரை எழுதினார்கள். கருவியைக் கை தொட்ட கணத்தில் உழைப்பு தொடங்கிவிடுகிறது என்றார் ஓர் உரைகாரர். தொடங்கிய உழைப்பை யார் முடித்தாலும் அது தொடங்கியவரையே சேரும் என்றார் அடுத்தவர். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்குப் பூட்ஸம்மா மண்வெட்டியைத் தோட்டத்துக் கதவருகே நீட்டிப் பிடிப்பாள். இருபத்து மூன்று பேரும் வரிசையில் வந்து காம்பைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வயதான ஒருவர் தொட்ட பிறகு இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பண்டகசாலைத் தந்தை பேரேட்டைத் திறந்து, 'இன்று தந்தையர் தோட்டத்தில் உழைத்தனர்' என்று எழுதுவார். பிறகு அவள் போய்ப் பகல் முழுக்கக் கொத்துவாள்.

பீன்ஸ் பாத்தி சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்குக் கீழே இருந்தது. மதியம் தந்தையர் மௌனமாகச் சாப்பிடுகையில் ஒருவர் மேடையில் நின்று ஒழுங்கு நூலின் விதிகளை வரிசையாக வாசிப்பது வழக்கம். எழுபத்திரண்டு விதிகள், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. உள்ளே இருந்தவர்கள் காதில் கரண்டிச் சத்தம்தான் விழுந்தது. வெளியே களை பிடுங்குகிறவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் எழுபத்திரண்டும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவள் வீடு தோட்டத்தின் கிழக்கு முனையில் இருந்தது. அந்தப் பக்கம் சுவர் இடிந்து நூறு வருஷம் ஆகிறது. எது மடம், எது வெளி என்று யாரும் கவலைப்படாத கல் மேடு. மடத்துத் தலைவராக இருந்த பழைய பெரிய தந்தை ஒருவர், காலமாகிவிட்டார், புருஷனும் பெண்டாட்டியும் ஒண்ட இடமில்லாமல் நின்றதைப் பார்த்து, "அந்த மூலையில கல்லுதான் கிடக்கு. முடிஞ்சா கட்டிக்கங்க" என்றார். மூன்று கோடைக்காலம் கட்டினார்கள். அவன் கல்லைப் புரட்ட, அவள் சாந்து குழைத்தாள். ஒரு அறை, ஒரு சமையலறை. பிறகு புருஷனோடு ஒத்துவராமல் தையல் மெஷினும் கையுமாக வந்து நின்ற தங்கச்சிக்காகப் பக்கத்தில் ஒரு அறை. பூட்ஸ் வாசல்படிக்கு வெளியே நிற்கும். வீட்டுக்குள் அவள் வெறுங்காலோடுதான் இருப்பாள். நாள் முழுக்க அடைபட்ட விரல்களை விரித்து அந்தத் தரையில் வைக்கும்போதுதான் தனக்கும் இரண்டு கால் இருப்பது அவளுக்கு ஞாபகம் வரும். அந்தத் தரையை அவள் அவ்வளவு நேசித்தாள்.

அந்தத் தரைக்குத்தான் ஆபத்து வந்தது.

மடத்துக்கு அறுநூறாம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கண்டுபிடித்த அந்த இளம் தந்தை இப்போது இளமை போய் வரலாற்றுத் தந்தை ஆகியிருந்தார். மடம் சமுதாயத்துக்குச் செய்த தொண்டுகளைப் பற்றி ஆறு பாகம் எழுதி முடித்திருந்தார். சமுதாயம் மடத்துக்குச் செய்ததை ஏழாம் பாகத்தின் கடைசியில் அரைப் பக்கத்தில் சேர்ப்பதாகத் திட்டம். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஆதித் தந்தையின் குகை வேண்டும். குகை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வரலாற்றுத் தந்தை தேடினார். 'என் குகையிலிருந்து சூரியன் உதிப்பதைக் காண்கிறேன்' என்று ஆதித் தந்தை ஓரிடத்தில் எழுதியிருந்தார். சூரியன் உதிப்பது கிழக்கில். கிழக்கில் இருப்பது பூட்ஸம்மாவின் வீடு. ஆராய்ச்சி முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசல் சகோதரர் கடிதத்தோடு வந்தார். மடத்து வாசலைப் பார்த்துக்கொள்கிற, பயந்த சுபாவமுள்ள மனிதர். கடிதத்தை வாசல்படியில் நின்ற பூட்ஸின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். 'பணியிலுள்ள காலணிகளுக்கு' என்று தொடங்கியிருந்தது. ஆதித் தந்தையின் குகை இருந்த புனித இடம் மீட்கப்பட இருப்பதால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். கூடவே ஓர் உறுதிமொழித் தாள். கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டு அதைச் சத்தமாக வாசித்தாள். 'மேற்படி இடத்தில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன்.'

அக்கா காதைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் அதே மாதிரிதான் இருந்தது.

"வீட்டைப் பிடுங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும்க்கா," என்றாள் தங்கச்சி. "நீ இங்க இருந்ததே இல்லைன்னு உன்னையே எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க பாரு, அதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்."

ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பெரிய படிப்புப் படித்தவர்கள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று பூட்ஸம்மா நம்பினாள். இந்த நம்பிக்கையை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் வரலாற்றுத் தந்தையின் அறைக்குப் போனாள். கூரை வரைக்கும் காகிதம். அதன் நடுவே அவர் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

வீட்டைக் கட்டியதே நாங்கள்தான் சாமி என்று அவள் தொடங்கினாள். அவர் பொறுமையாகப் பேரேட்டை எடுத்து, முப்பது வருஷம் பின்னால் போய், மூன்று கோடைக்காலத்தையும் காட்டினார். ஒவ்வொரு நாளும் 'தந்தையர் உழைத்தனர்' என்றே இருந்தது. அப்போதெல்லாம் கடப்பாரையைத் தொட்டிருந்தார்கள். இவ்வளவு தெளிவான ஆதாரத்துக்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். உங்கள் பெயரோ உங்கள் புருஷன் பெயரோ எங்காவது இருந்தால் நானே சந்தோஷப்படுவேன் என்றும் சொன்னார்.

"அது சரிங்க சாமி. நான் கால் வெச்சதே இல்லைன்னு எப்படிங்க எழுதறது? இன்னிக்குக் காலையிலகூட அங்கேயிருந்துதானே எழுந்து வரேன்."

வரலாற்றுத் தந்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெண் காலடி பட்டிருந்தா அது புனித இடமா இருக்க முடியாது. அது புனித இடம். அப்ப காலடி படலை. இது நான் சொல்றதில்லை, தர்க்கம் சொல்லுது. உங்களைப் பொய் சொல்லச் சொல்வோமா? வரலாறு ஒரு முடிவுக்கு வந்திருக்கு. நீங்க அதோட ஒத்துப்போறீங்க, அவ்வளவுதான். உண்மைங்கறது சாதாரண ஜனங்ககிட்ட ஏராளமா இருக்கும்மா. அதையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா வரலாறுன்னு ஒண்ணு எப்படி இருக்கும்?"

அவள் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, முறையீடு என்றால் மௌனக் குழுவிடம் போக வேண்டும் என்று வழி காட்டினார்.

மௌனக் குழு வியாழக்கிழமைகளில் கூடும். மடத்தின் மௌனத்தைப் பாதுகாப்பது அதன் வேலை. அங்கே பேசுவதற்குக் குழுத் தலைவருக்கு மட்டும்தான் அனுமதி. அவர் மௌனத்தின் மேன்மை குறித்து முன்னுரையாக ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். உலகம் இரைச்சலில் அழிகிறது என்றார். பேச்சைக் குறைத்தால் போர்கள் நிற்கும் என்றார். இதை வலியுறுத்தி நாற்பது ஊர்களில் தாம் சொற்பொழிவு ஆற்றியதைச் சொன்னார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் தொடங்கினார். கடைசியில் முறையீட்டைச் சைகையில் தெரிவிக்கலாம் என்றார்.

பூட்ஸம்மா யோசித்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் கூரை மாதிரி காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். கல் தூக்குவது, சாந்து குழைப்பது, புருஷன் விழுந்தது எல்லாவற்றையும் காட்டினாள். காட்டும்போதே கண் நிறைந்துவிட்டது. குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அடுத்த வாரம் எழுத்தில் பதில் வந்தது. 'காலணிகளுக்குக் கூரையுள்ள நல்ல அலமாரி ஒன்று வேண்டும் என்ற முறையீடு ஏற்கப்பட்டது.' அலமாரியும் வந்தது. நல்ல மரம்தான்.

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து அழுதாள். முப்பது நாளில் பதினெட்டு போயிருந்தது. அதற்குள் புதுச் சுவருக்கு அளவு பிடிக்கிறவர்கள் வந்து, வீட்டின் மூலையில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோடு தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே போயிற்று. தங்கச்சி ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். மறுநாளும் போட்டார்கள். மறுநாளும் துடைத்தாள். அவர்களுக்குச் சுண்ணாம்புதான் தீர்ந்தது.

பண்டகசாலைத் தந்தை தோட்டத்துக்கே வந்து நயமாகப் பேசிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் பயிர் விளைகிற வரை யோசிப்பார், அதை விளைவிப்பது யார் என்று யோசிக்க மாட்டார். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால் போதும், டவுனில் ஓர் அறை பார்த்துத் தரலாம், விழாவில் மேடையில் வைத்துப் பாராட்டுப் பத்திரம் தரலாம் என்றார். யாருக்குப் பாராட்டு என்று அவள் கேட்டாள். பூட்ஸுக்குத்தான் என்றார் அவர், சங்கடப்படாமல்.

அந்த இடத்தில்தான் பூட்ஸம்மாவுக்குள் ஏதோ ஒன்று முறிந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் எதையும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தலை குனிந்து போகிறார்களா, அது அவர்கள் விரதம். பெயர் எழுதவில்லையா, அவளுக்கு எதற்குப் பெயர். ஆனால் தான் செத்த பிறகு நடக்க வேண்டியதை, தான் இருந்த தடத்தையே அழிப்பதை, தான் உயிரோடு இருக்கும்போதே இவர்கள் நடத்தப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. கோபம் வந்தது. இத்தனை வயதுக்கு மேல் வந்த கோபம் என்பதால் அது அவசரப்படவில்லை.

"கையெழுத்துப் போடறதைப் பத்திச் சபையிலேயே வந்து சொல்றேன் சாமி," என்றாள். பண்டகசாலைத் தந்தை நிம்மதியாகப் போனார்.

இருபத்து நான்காம் நாள் சபை கூடியது. இருபத்து மூன்று தந்தையரும் சுவரோரப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்க, நடுவே பெரிய தந்தை. தலைவர் அவர்தான், வெள்ளைத் தாடி, மணி போன்ற குரல். கூடத்தின் மத்தியில் ஒரு நாற்காலியும் அதன் முன்னே, பூட்ஸை வைக்க, ஒரு சிறு மெத்தையும் போட்டிருந்தார்கள். உறுதிமொழித் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. பெரிய தந்தை மெத்தையை நோக்கி உரையாற்றினார்.

"அன்பான காலணிகளே. நாங்கள் எதுவும் இல்லாதவர்கள். ஏழ்மை எங்கள் விரதம். இந்த மலை எங்களுடையது அன்று, ஆண்டவருடையது; நாங்கள் அதைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த வீடும் அப்படியே. எதுவும் இல்லாத எங்களிடமிருந்து ஒரு வீட்டைத் தனக்கென்று ஒருவர் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பேராசை என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்த மடம் அறுநூறு வருஷமாகச் சமுதாயத்தின் மனசாட்சியாக இருந்து வருகிறது. சமுதாயம் அதற்காக அவ்வப்போது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் போதும்."

தந்தையர் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

பூட்ஸம்மா எழுந்தாள். வரலாற்றுத் தந்தை பேனாவை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. குனிந்தாள். இடது பூட்ஸின் வாரை அவிழ்த்தாள். அப்போதும் யாருக்கும் விளங்கவில்லை. கல் ஏதும் உறுத்துகிறதோ என்று நினைத்தார்கள். இடது பூட்ஸ் கழன்றது. பழந்துணி விழுந்தது. பிறகு வலது பூட்ஸ். இரண்டையும் ஜோடியாக மெத்தையின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, வெடித்த குதிகாலும் விரிந்த விரல்களுமாக, இரண்டு பாதத்தையும் சபைக்கூடத்துக் கல்தரையில் அழுத்தி ஊன்றினாள்.

இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்கள். இடுப்பு வலிக்காரர்தான் எல்லோருக்கும் முந்தினார்.

"பதினேழாம் விதி," என்றாள் பூட்ஸம்மா. வாசிப்பவர் குரலிலேயே, ஏற்ற இறக்கம் மாறாமல், முழுதும் சொன்னாள். குடியிருக்கலாகாது. ஜெபிக்கலாகாது. உண்ணலாகாது. தந்தையர் அதை முதல் தடவை கேட்பவர்களைப் போலக் கேட்டார்கள். ஒருவிதத்தில் முதல் தடவைதான்.

பிறகு அவள் வாசலை நோக்கி நடந்தாள். ஒரு அடி. இரண்டு அடி. அவள் கால் வைத்த இடமெல்லாம் ஆதித் தந்தையின் வாக்குப்படி மடத்துக்கு ஆகாததாகிக்கொண்டே போயிற்று. பதினோராவது அடியில் பெரிய தந்தையின் மணிக்குரல் உடைந்தது.

"நில்லும்மா. நீ எங்க போறே?"

அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தடவை. அவளும் நின்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பாவம், சாதாரண முகம்தான். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"வீட்டுக்குத்தான் சாமி. எந்த வழியாப் போறதுன்னுதான் யோசிக்கிறேன். கிழங்குப் பாத்தி வழியாப் போனா கிட்டம். சமையலறை வழியாப் போனா நிழல். கோயில் வழியாப் போனா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம். நான் அந்த வீட்டுல கால் வெச்சதே இல்லைன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. அப்ப எனக்கு வழி தெரியாதில்லையா? சுத்தித் தேடித்தான் போகணும்."

விழா மெழுகுவத்தியின் நிறத்தைத் தீர்மானிக்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்ட சபை அது. அன்றைக்குப் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டபடியே நான்கு நிமிஷத்தில் ஆராய்ச்சியை முடித்தது. ஆதித் தந்தையின் குகை கிழக்கு முனையில் இல்லை. சூரிய உதயத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடிய இன்னோர் இடம் வரலாற்றுத் தந்தையின் அறை. குகை அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். அவர் முப்பது நாளில் காலி செய்வார். ஆறு பாகமும் ஏழாம் பாகத்தின் குறிப்புகளும் எங்கே போவது என்று அவர் கேட்டார். காலணி அலமாரி ஒன்று இருக்கிறது, நல்ல மரம் என்று யாரோ சொன்னார்கள்.

கிழக்கு முனை மடத்துக்கு உரியதன்று என்று எழுதி, பெரிய தந்தையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூட்ஸம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போனால் போகிறது என்று பெரிய வாசல் வழியாக வெளியே போய்ச் சாலையோடு சுற்றி வீட்டுக்கு வந்தாள். சபைக்கூடத்தில் அவள் நடந்த பதினோரு அடியை மட்டும் கயிறு கட்டிப் பிரித்தார்கள்; அங்கிருந்து வாசல் வரை நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தந்தையர் அந்த இடத்தில் அங்கியைத் தூக்கிக்கொண்டு தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வாசல் சகோதரர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். துடைத்து, வாருக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். பழைய மனத்தாங்கல் எதையும் மனசில் வைக்காமல் பூட்ஸ் வழக்கம்போலப் பணிக்குத் திரும்பலாம் என்று பெரிய தந்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் படியில் உட்கார்ந்து காலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். "பூட்ஸைக் கூப்பிட்டிருக்காங்கன்னா கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி. நான் வரணும்னா வெறுங்காலோடதான் வருவேன். அதையும் போய்ச் சொல்லிடுங்க."

சகோதரருக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் கீழ்ப்படிதல் அவருடைய விரதம். பூட்ஸை எடுத்துப் போய்க் கிழங்குப் பாத்தியின் நடுவே ஜோடியாக நிறுத்தினார். பண்டகசாலைத் தந்தை பேரேட்டில் 'பூட்ஸ் பணிக்கு வந்தது' என்று எழுதினார். அடுத்த நாளும் எழுதினார். அதற்கடுத்த நாளும். ஏழு மணிக்குத் தந்தையர் தோட்டத்துக் கதவுக்கு வரிசையாக வருவார்கள். நீட்டிப் பிடிக்க ஆள் இல்லாமல் மண்வெட்டி சுவரில் சாய்ந்திருக்கும். யார் போய் எடுத்துத் தொடுவது என்பதற்கு உரை இல்லாததால் கலைந்து போவார்கள். பூட்ஸைச் சுற்றிக் களை முழங்கால் உயரம் வளர்ந்தது. பீன்ஸ் முற்றியது. கோஸில் பூச்சி விழுந்தது. விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில் மழை வருகிற மாதிரி வானம் மூடிக்கொண்டது.

அன்று மதியம் தங்கச்சி தைத்த துணிகளை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கூடவே போன பூட்ஸம்மா, மடத்து வெளிச்சுவரைக் கடக்கையில் பழக்கதோஷத்தில் காதைக் கொடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. பதினாறாம் விதி முடிந்தது. ஒரு சின்ன இருமல். பிறகு பதினெட்டாம் விதி தொடங்கியது. உள்ளே ஒரு கரண்டிகூட நிற்கவில்லை. வெளியே அவள் மட்டும் நின்றாள்.

"ஆளனுப்பப் போறாங்க," என்றாள் தங்கச்சியிடம்.

ஆளை அனுப்பவில்லை, மறுநாள் காலை பண்டகசாலைத் தந்தையே வந்தார், பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஒரு வாரமாகக் காய்கறி இல்லாத சூப்பு குடித்த முகம். எப்படி வேண்டுமானாலும் வரலாம், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்றார். பதினேழாம் விதியைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"வரேன் சாமி. ஆனா முதல்ல அந்த நோட்டைத் திறங்க."

அவர் திறந்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக யாரும் கேட்காததால் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது. பெயரை எழுதி, இன்ன பெண் இன்று தோட்டத்தில் வேலை செய்தாள் என்று எழுதச் சொன்னாள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். வானத்தைப் பார்த்தார். முதல் துளி தாளின் மேலேயே விழுந்தது. எழுதினார்.

"சத்தமாப் படிங்க சாமி. உங்க நூலை நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கேன். இது ஒரு வரிதானே."

பண்டகசாலைத் தந்தை வாசித்தார். மெஷினில் உட்கார்ந்திருந்த தங்கச்சி காலை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பூட்ஸம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கித் தோட்டத்துக்குள் நடந்தாள். ஈர மண் விரல் இடுக்கில் பிதுங்கியது. கதவருகே தந்தையர் இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். பழக்கத்தில் நாலைந்து கைகள் நீண்டன. அவள் காம்பை யாரிடமும் நீட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு கிழங்குப் பாத்திக்குப் போனாள்.